பஞ்சிலும் வெடிமருந்திலும் ஒட்டியிருக்கும் ஈரம்

சித்திரை வெயிலில் நூல் காய்ந்து அடிக்கடி அறுகிறது. ஐப்பசி அடைமழையில் பாவுக்குக் கஞ்சி போட்டு உலர்த்த வழியில்லை. நெசவாளிக்கு ஈரம் குறைந்தாலும் கஷ்டம், மிகுந்தாலும் கஷ்டம். குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர்களுக்குத் தரையின் குளிர்ச்சி நூலைக் காப்பாற்றும் என்பதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதே இரு பருவங்களில் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆபீஸில் என்ன நடக்கிறது என்பதையும் நம் அங்கத்தினர் பலர் அறிவார்கள். வறண்ட வெயிலில் மருந்துப் பொடி மின்னூட்டம் பெற்றும் உராய்ந்தும் தீப்பற்றக்கூடும். ஈரம் ஏறிய நாளிலோ கலந்து வைத்த மருந்து தானாகவே சூடேறக்கூடும். ஒரே வீட்டில் ஒருவர் தறியிலும், ஒருவர் கரிசல் காட்டுப் பருத்தியிலும், இன்னொருவர் காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆபீஸிலுமாக வேலை பார்க்கும் குடும்பங்கள் விருதுநகர் ஜில்லாவில் உண்டு. ஆதலால், கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஒரு பொருளில் எங்கே, எவ்விதம் ஒட்டியிருக்கிறது என்ற கேள்வி ரசாயன நிபுணர்களுக்கு மட்டும் உரியதன்று. அந்த ஈரத்தைக் காட்டும் ஒரு முறையைப் பற்றி இங்கே எழுத எண்ணுகிறோம்.

துணி தண்ணீரில் நனைவது ஒன்று. உலர்ந்த துணி காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறொன்று. பின்னதைத் தராசு ஒருவாறு காட்டும். பருத்தி நூல் வியாபாரத்தில், எலும்பாக உலர்ந்த 100 கிலோ பஞ்சு காற்றின் ஈரத்தை ஏற்று 108.5 கிலோவாக நிற்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பாலியெஸ்டர் நூலுக்கு இந்த ஏற்றம் அரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு திடப்பொருளின் பரப்பில் காற்றிலோ நீரிலோ உள்ள மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்வதையே பரப்புக் கவர்ச்சி என்கிறார்கள். பஞ்சில் நீர் இழையின் உட்புறத்துக்குள்ளும் புகுகிறது என்றாலும், அங்கேயும் நுண்ணிழைகளின் பரப்பிலேயே அது இடம் பிடிக்கிறது.

பரப்பு என்றால் எவ்வளவு பரப்பு? பொருளைப் பொடியாக்கப் பொடியாக்கப் பரப்பு பெருகும். சியோலைட்டு என்றொரு கல்வகை உண்டு. 1756இல் ஸ்வீடனைச் சேர்ந்த குரோன்ஸ்டெட் என்பவர் அதைச் சூடாக்கியபோது நுரைத்துக் கொதித்ததைக் கண்டு 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் அப்பெயரை இட்டார். கொதித்தது கல் அல்ல. அதன் நுண்துளைகளில் தங்கியிருந்த நீர். அக்கல்லின் ஒரு கிராமில் துளைச் சுவர்களின் பரப்பு பல நூறு சதுர மீட்டர் இருக்கும். 500 சதுர மீட்டர் என்று கொண்டால் அது சுமார் 12 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கல்லுக்குள் 12 சென்ட்! பயிரிடுவோருக்கு இந்தக் கணக்கு எளிதில் மனத்தில் பதியும் என்று நம்புகிறோம்.

இவ்வளவு பரப்பில் ஒற்றை அடுக்காகப் படிந்த நீரைத் தராசு எடை போடலாம். ஆனால் அது தளர்வாக ஒட்டியிருக்கிறதா, ரசாயனப் பிணைப்பால் இறுகியிருக்கிறதா, அல்லது பொருளையே மாற்றிவிட்டதா என்று தராசு சொல்லாது. அதைச் சொல்வது அகச்சிவப்புக் கதிர்.

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வானநூல் வல்லுநர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே ஏழு நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஓர் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த உஷ்ணமானி மிகுதியாக ஏறியது. அங்கேயும் ஒளி இருக்கிறது, நம் கண்தான் அதைக் காணவில்லை என்பது அவ்வாறு தெரியவந்தது. இக்கதிர் மூலக்கூறுகளின் மீது படும்போது நிகழ்வதை ஊஞ்சலைக் கொண்டு விளக்கலாம். ஊஞ்சல் போய்வரும் கதிக்குப் பொருத்தமாகத் தள்ளினால் அது தள்ளுவிசையை ஏற்று மேன்மேலும் ஆடும். பொருத்தமின்றித் தள்ளினால் கையைத்தான் இடிக்கும். மூலக்கூறில் அணுக்களைச் சேர்க்கும் பிணைப்புகளும் இடைவிடாது ஆடுகின்றன. தமது ஆட்டத்துக்குப் பொருத்தமான கதிரை மட்டும் அவை உண்டுவிட்டு, மற்றவற்றைத் தப்பவிடுகின்றன. எந்தெந்தக் கதிர் குறைந்து வெளிவருகிறது என்று வரைந்து பார்த்தால் உள்ளே எந்தெந்தப் பிணைப்பு இருக்கிறதென்று விளங்கும். ஹைட்ரஜன் போன்ற இலேசான அணு வேகமாக ஆடும்; கனத்த அணு மெதுவாக ஆடும். இறுக்கமான பிணைப்பு வேகமாகவும், தளர்ந்த பிணைப்பு மெதுவாகவும் ஆடும். தறியின் பாவு இழை இறுகியிருந்தால் விரல் பட்டதும் கூர்மையாக ஒலிக்கும், தொய்ந்திருந்தால் மந்தமாக ஒலிக்கும் என்பதை நினைவு கொண்டால் போதும்.

இந்த ஆட்டங்களை, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் 400க்கும் 4,000க்கும் இடையில் அமைகின்றன. அமெரிக்கரான வில்லியம் கோப்லென்ட்ஸ் 1905இல் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை வெளியிட்டார். அவர் காலத்தில் ஒரு பொருளை முழுவதும் அளக்க மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது. இன்றைய யந்திரம் ஒன்றிரண்டு நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. வைரத்தின் மீது ஒரு சிட்டிகைப் பொடியையோ ஓர் அங்குல நூலையோ அழுத்தி வைத்தால் போதும்.

பரப்பில் ஒட்டியவற்றை இக்கதிரால் காணலாம் என்பதை லெனின்கிராடில் தெரெனின் என்ற விஞ்ஞானியும் அவரைச் சேர்ந்தவர்களும் 1940களில் நுண்துளைக் கண்ணாடியைக் கொண்டு காட்டினார்கள். 1954ஐ ஒட்டி அமெரிக்காவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஐஷன்ஸ் என்பவரும் தோழர்களும், உலோகத் துகளின் மேல் கார்பன் மோனாக்சைடு வாயு எவ்விதம் அமர்கிறது என்று கண்டார்கள். தனித்திருக்கும்போது அவ்வாயுவின் பிணைப்பு 2,143 என்னும் எண்ணில் ஆடுகிறது. ஓர் உலோக அணுவின் மேல் நிமிர்ந்து நின்றால் எண் சற்று இறங்குகிறது. இரண்டு அணுக்களுக்கிடையே பாலம்போல் அமர்ந்தால் 2,000க்கும் கீழே போய்விடுகிறது. இன்ன மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்பதோடு, நின்று ஒட்டியிருக்கிறதா, இரண்டு கால்களை ஊன்றி ஒட்டியிருக்கிறதா என்பது வரையில் தெரிந்துவிட்டது! மணலின் இனமான சிலிக்காவின் பரப்பில் தனித்து நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிக்கு 3,740ஐ ஒட்டி ஒரு கூரிய கோடு உண்டு. நீராவி பட்டதும் அக்கோடு மங்கி, 3,400 பக்கத்தில் ஓர் அகன்ற மேடு எழும். 1,640 அருகே நீருக்கே உரிய இன்னொரு மேடும் தோன்றும். இந்த 1,640 என்ற எண்ணை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நீர் மூலக்கூறாகவே ஒட்டியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

முதலில் பஞ்சுக்கு வருவோம். செடியிலிருந்து எடுத்த பஞ்சின் மேல் மெழுகும் பெக்டினும் மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கின்றன. ஒரு சொட்டு நீரை வைத்தால் அது முத்துப்போல் நிற்கும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணிக்கு இது ஆகாது. காயத்தின் நீரை உடனே உறிஞ்ச வேண்டிய துணி அது. காரத்தில் வேகவைத்து மெழுகை நீக்குகிறார்கள். நீங்கியதா என்பதை அகச்சிவப்பில் பார்த்தால், மெழுகின் நீண்ட கரிமச் சங்கிலிக்கு உரிய 2,918, 2,850 என்னும் இரு கூரிய கோடுகள் தணிந்திருக்கும். சொட்டு நீர் எத்தனை வினாடியில் மறைகிறது என்ற பழைய சோதனையும் இதையே சொல்கிறது. சொட்டுச் சோதனை 'உறிஞ்சவில்லை' என்ற மட்டில் நின்றுவிடும். கதிர்ச் சோதனை, நின்றது மெழுகா, நூற்பாலை எண்ணெயா, கஞ்சிப் பசையா என்பதையும் பிரித்துக் காட்டும். சரக்கு திரும்பி வந்து, பிழை நூலிலா வேகவைத்த பட்டறையிலா என்று வழக்கு எழும்போது இந்த வித்தியாசத்தின் மதிப்பு தெரியும்.

1956இல் மான், மரினன் என்ற இரு விஞ்ஞானிகள் செல்லுலோஸைப் பற்றி ஓர் அழகிய சோதனை செய்தார்கள். சாதாரண நீருக்குப் பதிலாக, கனத்த ஹைட்ரஜனால் ஆன கனநீரின் ஆவியை அதன்மேல் செலுத்தினார்கள். நீர் எட்டக்கூடிய இடங்களில் இருந்த ஹைட்ரஜன் விலகிக் கனத்த ஹைட்ரஜன் புகுந்தது; கனத்தது மெதுவாக ஆடுமாதலால் அந்த இடங்களின் கோடு 3,300 பக்கத்திலிருந்து 2,500 பக்கத்துக்கு இறங்கிற்று. இறங்காமல் நின்ற பகுதி, செல்லுலோஸ் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு நீர் நுழைய இடமில்லாத பகுதி. சாயமும் நீரோடு சேர்ந்தே இழைக்குள் செல்கிறது. அருப்புக்கோட்டைச் சாயப் பட்டறையில் ஒரு நூல் நன்றாகச் சாயம் ஏற்பதற்கும் இன்னொன்று வெளிறி நிற்பதற்கும் பல காரணங்கள் உண்டு. நீர் எட்டும் இடம் எவ்வளவு என்பது அவற்றுள் தலையாய ஒன்று.

பருத்தி நூல் என்று விற்றதில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் 1,715ஐ ஒட்டி ஒரு வலுவான கோடு எழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இதற்காக யந்திரத்தைத் தேடி ஓட வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று சண்டை வந்தால் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம்.

வெடிமருந்தில் அவ்வாறு கொளுத்திப் பார்க்க முடியாது. அங்கேதான் இந்தக் கதிர் தன் முழுப் பயனையும் தர வல்லது.

1922ஐ ஒட்டி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததிலிருந்து சிவகாசியில் ரசாயன உப்புகள் மூட்டை மூட்டையாக இறங்கத் தொடங்கின. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு உண்டு. பட்டாசில் வெடியுப்பு, பெர்குளோரேட்டு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவை சேர்கின்றன. குளோரேட்டும் பெர்குளோரேட்டும் பெயரில் நெருங்கியவை, நிறத்தில் இரண்டும் வெள்ளை. குணத்தில் மிகவும் வேறுபட்டவை. குளோரேட்டு கந்தகத்தோடு சேர்ந்தால் சிறு உராய்விலும் பற்றிக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் இன்னும் கேடு: கந்தகத்தின் மேற்பரப்பில் சிறிது அமிலம் உண்டாகி, அது குளோரேட்டைத் தூண்டிவிட, கை படாமலே தீ மூளலாம். குளோரேட்டோடு கந்தகம் கலந்த வெடிபொருளை இந்திய அரசாங்கம் 1992 ஜனவரியில் தடை செய்தது இதனால்தான். ஒரே வட்டாரத்தில் தீப்பெட்டிக்கு வேண்டிய குளோரேட்டும் பட்டாசுக்கு வேண்டிய கந்தகமும் புழங்குகையில், மூட்டை மாறுவதும், துடைக்காத சல்லடையில் மிச்சம் ஒட்டியிருப்பதும் நடக்கக்கூடியவையே.

இவ்விரு உப்புகளையும் அகச்சிவப்புக் கதிர் உடனே பிரித்துக்காட்டும். குளோரேட்டின் வலுவான கோடு 900க்கும் 1,000க்கும் இடையில். பெர்குளோரேட்டினது 1,100ஐ ஒட்டி. நைட்ரேட்டினது 1,380ஐ ஒட்டி. 1952இல் மில்லர், வில்கின்ஸ் என்ற அமெரிக்கர் இருவர் 159 கனிம உப்புகளின் நிறமாலைகளை ஒரே கட்டுரையில் தொகுத்து வைத்ததிலிருந்து இது ஆய்வுக்கூடங்களில் சாதாரண வேலையாகிவிட்டது.

இனி உலோகப் பொடி. அலுமினியத் துகளின் மேல் ஆக்சைடு என்ற மெல்லிய தோல் உண்டு. அத்தோல் உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஈரம் நீடித்தால் தோல் ஹைட்ராக்சைடாக மாறி, ஹைட்ரஜனும் வெப்பமும் வெளிப்படும். நைட்ரேட்டோடு கலந்த நிலையில் அம்மோனியா வாடையும் எழும். மருந்து சூடாகிக்கொண்டே போகும். சிறிது போரிக் அமிலம் சேர்த்து இதைத் தடுக்கும் வழக்கம் இத்தொழிலில் பழையது. மக்னீசியம் இன்னும் எளிதில் ஈரத்துக்கு இடங்கொடுக்கும். ஈரம் பட்டுக் கெட்ட மக்னீசியப் பொடியில் 3,700ஐ ஒட்டி ஊசிபோல் ஒரு கோடு தோன்றும். அது நீரின் கோடு அன்று, ஹைட்ராக்சைடின் கோடு. 1,640இல் மட்டும் மேடு இருந்தால் ஈரம் இன்னும் நீராகவே ஒட்டியிருக்கிறது, உலர்த்த முடியும். 3,700 ஊசி எழுந்துவிட்டால் பொருளே மாறத் தொடங்கிவிட்டது. வெயிலில் காயப்போட்டு மறுபடி உபயோகிக்கலாம் என்று எண்ணுவது தவறு. தராசுக்கு இந்த வேறுபாடு எட்டாது.

2018 அக்டோபர் 23இல் உச்சநீதிமன்றம் புகை குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, பச்சை நிறத்துக்காகச் சேர்க்கும் பேரியம் உப்புகளை விலக்கியது. 2021 அக்டோபரில் அதையே மீண்டும் வலியுறுத்தியது. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 'ஸ்வாஸ்', 'ஸ்டார்', 'சஃபல்' என்ற பெயர்களில் புதிய கலவைகளை அளித்தது. முதலிரண்டில் வெடியுப்பும் கந்தகமும் இல்லை. நுண்துகள் 30 முதல் 40 விழுக்காடு வரை குறையும் என்று அறிவித்தார்கள். தூசியை அடக்கவும் நீரைத் தாங்கவும் நாம் மேலே சொன்ன சியோலைட்டு இக்கலவைகளில் இடம்பெற்றது. பிஜிலி வெடியில் ஈரம் உறிஞ்சுவதற்காகச் சேர்த்து வந்த சாம்பலை நீக்கிச் சோதிக்கிறார்கள் என்ற செய்தியும் அதே ஆண்டில் வந்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் புஸ்வாண வகையில் ஈடுபட்டது. அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட நிலையம் அது. நமக்கு அண்டை ஊர். ஆக, பரப்புக் கவர்ச்சி என்பது இப்போது சிவகாசியில் விலை கொடுத்து வாங்கும் சரக்காகவே ஆகிவிட்டது. சியோலைட்டு எவ்வளவு நீரோடு வந்து இறங்குகிறது, மழைக்கால கோடவுனில் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்பவற்றை அறியாமல் அதை உலோகப் பொடியோடு கலப்பதை நாம் ஒப்பமாட்டோம்.

கதிரின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அலுமினியமும் கரியும் தமக்கென்று கோடு காட்டா. கந்தகம் காட்டுவது மிகச் சொற்பம். நைட்ரேட்டு இருக்கிறது என்று கதிர் உறுதியாகச் சொல்லும். அது பேரியத்தினுடையதா பொட்டாசியத்தினுடையதா என்பதைச் சுத்தமான உப்பில் சிறு இடப்பெயர்ச்சிகளைக் கொண்டு ஊகிக்கலாமே தவிர, கலவையில் எக்ஸ்ரே முறையை நாடுவதே முறை. சல்பேட்டின் கோடும் பெர்குளோரேட்டின் கோடும் அருகருகே விழுந்து மயக்கும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த குளோரேட்டுக் கலப்பு கண்ணில் படாமல் போகலாம். கந்தகத்துக்கு நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்ட விளைவு கைகொடுக்கும். அகச்சிவப்பில் மௌனமாயிருக்கும் கந்தகம் ராமன் நிறமாலையில் பலமாகப் பேசுகிறது; கண்ணாடிப் புட்டியைத் திறக்காமலே பார்க்கவும் முடிகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய முறையில் பொருளைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு கல்வத்தில் அரைத்துப் பல டன் அழுத்தத்தில் வில்லையாக்குவார்கள். கலந்த வெடிமருந்தை அவ்வாறு அரைப்பது தற்கொலைக்குச் சமானம். அந்தப் புரோமைடு தானும் ஈரத்தை இழுக்குமாதலால் இல்லாத நீரையும் இருப்பதாகக் காட்டிவிடும். சோதனை, கலப்பதற்கு முன், ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியே, சிட்டிகை அளவில் நடக்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டனர். அதற்குப் பிறகும் ஆண்டு தவறாமல் இவ்வட்டாரத்து மருந்து அறைகள் உயிர்களைப் பலி வாங்கி வருகின்றன. விபத்துகளின் காரணங்கள் பல: வெயில், உராய்வு, அளவுக்கு மீறிய ஆட்கள், அவசரம். இவற்றையெல்லாம் ஒரு கதிர் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மூட்டையின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்ற ஒரு காரணத்தை மட்டும் தீர்க்கலாம். சிவகாசியை அடுத்த ஆனைக்குட்டத்தில் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மூலப்பொருள்களைச் சோதிக்கவென்றே நாகபுரி நிறுவனமும் 2018இல் சிவகாசியில் ஒரு வசதியைத் தொடங்கியதாக அறிவித்தது. பெரிய ஆபீஸ்காரர்கள் இவற்றை நாட வசதி உண்டு. குத்தகைக்கு நாலு அறை எடுத்து நடத்துபவர் ஒரு மூட்டை உப்புக்காகச் சோதனைக்கூடத்தின் வாசலில் நிற்பாரா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில்தான் கூட்டுறவு முறைக்கு வேலை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. விருதுநகரில் 1947 முதலும் சிவகாசியில் 1963 முதலும் கல்லூரிகள் நடந்து வருகின்றன. அவற்றில் ரசாயனம் கற்கும் பிள்ளைகள் பலர் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளே. கட்டுத்துணியின் மெழுகைப் பார்க்கும் அதே யந்திரம் மறுநிமிஷம் பெர்குளோரேட்டு மூட்டையையும் பார்க்கும்; நடுவில் வைரத்தைத் துடைத்தால் போதும். நெசவாளர் சங்கங்களும் சிறு பட்டாசு உற்பத்தியாளர்களும் சேர்ந்து மாதச் சந்தா கட்டி, ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டால், மூட்டை இறங்கிய அன்றே சீட்டு கைக்கு வந்துவிடும். கட்டணத்தை எவ்விதம் பகிர்வது, மாதிரியை யார் முன்னிலையில் எடுப்பது, கெட்ட மூட்டையின் நஷ்டத்தை விற்றவரிடம் எவ்வாறு வசூலிப்பது என்ற மூன்று விஷயங்களையும் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் மழைக்காலம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.